லொம்போக்: மலையிலிருந்து திட்டமிடும் முழுமையான பயண வழிகாட்டி

பாலிக்குப் போகிறவர்களில் பலர் கடைசி இரண்டு நாளை ஒதுக்கி, விரைவுப் படகில் கிலி திராவாங்கானுக்குப் போய், ஆமை பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து "லொம்போக் பார்த்தாச்சு" என்கிறார்கள். கிலித் தீவுகள் லொம்போக்கின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் மூன்று சின்னத் தீவுகள். அவற்றோடு திரும்பினால் பெரிய தீவில் காலே வைக்கவில்லை என்றுதான் கணக்கு.

இந்த வழிகாட்டி அந்தப் பெரிய தீவுக்கானது. நான் சொல்லும் முறை ஒன்றுதான்: கடற்கரையிலிருந்து திட்டம் போட ஆரம்பிக்காதீர்கள், ரிஞ்சனி மலையிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த மலையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால், அதாவது உச்சிவரை ஏறுவதா, பாதியில் நிற்பதா, அடிவாரத்தில் இருந்தே பார்ப்பதா என்று தெரிந்துவிட்டால், எந்த மாதம் போவது, எங்கே தங்குவது, எதை முதலில் பார்ப்பது என்பதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

படி 1: தீவு எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள்

லொம்போக் இந்தோனேசியாவின் மேற்கு நுசா தெங்காரா மாகாணத்தில் இருக்கிறது. மேற்கே பாலி, கிழக்கே சும்பாவா. பரப்பு சுமார் 4,500 சதுர கிலோமீட்டர், குறுக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர், மக்கள்தொகை 37 லட்சத்துக்கு மேல். மாகாணத் தலைநகர் மத்தாரம் மேற்குக் கரையில். வடக்குப் பாதி முழுவதையும் 3,726 மீட்டர் உயர ரிஞ்சனி எரிமலை பிடித்துக்கொண்டிருக்கிறது. சுமாத்திராவின் கெரிஞ்சிக்கு அடுத்து இந்தோனேசியாவின் இரண்டாவது உயரமான எரிமலை இதுதான். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் ஊற்றுகளும் நடுவில் இருக்கும் சமவெளிக்குப் பாய்கின்றன, வயல்களும் ஊர்களும் அங்கேதான் அதிகம். தெற்கே போகப் போக நிலம் வறண்டு, மழை இல்லாத மாதங்களில் குன்றெல்லாம் காய்ந்த புல் நிறத்துக்கு வந்துவிடும். அந்தக் காய்ந்த குன்றுகளுக்குக் கீழேதான் தீவின் மிக அழகான கடற்கரைகள்.

பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவில் உள்ள நீரிணையைப் படகில் கடப்பவர்கள் அதை வெறும் நான்கு மணி நேரத் தலைசுற்றல் என்றுதான் நினைப்பார்கள். ஆல்ஃப்ரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1856 ஜூனில் அதைத் தாண்டி அம்பேனான் துறைமுகத்தில் வந்திறங்கினார். உண்மையில் அவர் போக வேண்டியது மக்காசருக்கு. சிங்கப்பூரிலிருந்து நேரடிக் கப்பல் கிடைக்காததால் இந்த வழியாக வந்தார். பாலியில் ஆசியப் பறவைகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அடுத்த கரையிலேயே வெள்ளைக் காக்கட்டூ கிளி போன்ற ஆஸ்திரேலியப் பக்கத்துப் பறவைகள். இத்தனை பக்கத்தில் இருக்கும் இரண்டு தீவுகளில் உயிரினங்கள் ஏன் இப்படி மாறுகின்றன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான், ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலியப் பக்கத்து உயிரினங்களையும் பிரிக்கும் வாலஸ் கோடு என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது. காரணம் ஆழம். பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கியபோது பாலி ஜாவாவோடும், அதன் வழியாக ஆசியாவோடும் ஒட்டிக்கொண்டது. இந்த நீரிணையோ 200 மீட்டருக்கும் மேல் ஆழம் என்பதால் அப்போதும் வற்றவில்லை. பசிபிக் பெருங்கடலின் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்து விழும் வழிகளில் இதுவும் ஒன்று. அந்த நீரோட்டத்தின் வேகத்தைக் கிலித் தீவுகளில் நீந்தும்போது நீங்களே உணர்வீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி மலை. ரிஞ்சனிக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் சமாலாஸ் என்று இன்னொரு உச்சி இருந்தது, நான்காயிரம் மீட்டரைத் தாண்டியிருக்கும் என்கிறார்கள். 1257-ல் அது வெடித்தது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் பூமி கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் எடுத்த பனிக்கட்டி மாதிரிகளில் அந்தக் காலத்துக் கந்தகப் படிவு தெளிவாக இருந்தும், எந்த மலையின் வேலை என்று பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 2013-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ஃபிராங்க் லவீன் தலைமையிலான குழு சமாலாஸ்தான் என்று காட்டியது. அவர்களுக்குக் கை கொடுத்த சான்றுகளில் ஒன்று 'பாபாட் லொம்போக்' என்ற ஓலைச்சுவடி: மலை சரிந்ததையும், பாமாத்தான் என்ற நகரம் புதைந்ததையும் அது சொல்கிறது. அந்த நகரம் இன்னும் எங்கேயோ மண்ணுக்கடியில் கிடக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் சாலையோரம் வெளிர் நிறத்தில் வெட்டப்பட்ட மண்சுவர்கள் தெரிந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், அது 1257-ன் நுரைக்கல். கையில் எடுத்தால் எடையே இருக்காது.

வெடித்த இடத்தில் உண்டான பள்ளத்தில்தான் செகாரா அனாக் ஏரி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில். ஏரிக்குள்ளேயே பருஜாரி என்ற புதுக் கூம்பு முளைத்து வளர்ந்துகொண்டிருக்கிறது; 2009, 2015, 2016 என்று அது அவ்வப்போது புகைந்திருக்கிறது. 2015-ல் எழுந்த சாம்பலால் பாலி விமான நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று.

படி 2: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் மார்ச் வரை மழை. ரிஞ்சனிப் பாதைகளைப் பொதுவாக ஜனவரியிலிருந்து மார்ச் இறுதி வரை மூடிவிடுவார்கள், ஆகவே மலை ஏற நினைப்பவர் அந்த மூன்று மாதத்தை மறந்துவிடலாம். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பிய விடுமுறைக் கூட்டம், மலைமுகட்டில் கூடாரம் போட இடம் தேட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் மே அல்லது செப்டம்பர். மே மாதத்தில் மழை நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், தெற்குக் குன்றுகள் இன்னும் பச்சையாக இருக்கும், அருவிகளிலும் தண்ணீர் குறையாது.

மலை வேண்டாம் என்பவர்களுக்கு பிப்ரவரி, மார்ச்சிலும் ஒரு காரணம் உண்டு: பாவ் ஞாலே திருவிழா. மண்டாலிகா என்ற இளவரசியை மணக்கப் பல இளவரசர்கள் போட்டி போட, யாரைத் தேர்ந்தாலும் போர் மூளும் என்று அவள் கடலில் குதித்துவிட்டாள், ஆண்டுக்கு ஒருமுறை கடற்புழுவாகத் திரும்பி வருகிறாள் என்பது கதை. பவளப்பாறையில் வாழும் ஒருவகைப் புழுக்கள் இனப்பெருக்கத்துக்காகக் கூட்டம் கூட்டமாக மேலே வரும் நாள் அது. சேகெர் கடற்கரையில் விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் வலையோடு இறங்குவார்கள், பிடித்ததைச் சமைத்தும் சாப்பிடுவார்கள். சசாக் நாள்காட்டிப்படி தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும், அறிவித்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

ரமலான் மாதத்தில் போவதானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது பெரும்பான்மை முஸ்லிம்கள் வாழும் தீவு, ஆயிரம் பள்ளிவாசல் தீவு என்றே இதற்குப் பட்டப்பெயர். பகலில் ஊர்ப்புறச் சாப்பாட்டுக் கடைகள் பல மூடியிருக்கும், கிலியிலும் லொம்போக்கின் தெற்கே இருக்கும் குத்தாவிலும் அந்தச் சிரமம் குறைவு.

படி 3: போய்ச் சேர்வது

விமான நிலையம் தீவின் நடுத்தெற்கே பிராயாவில் இருக்கிறது, 2011-ல் திறந்தது. சென்னை, திருச்சி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சுலபமான வழி கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் போய் அங்கிருந்து லொம்போக்குக்கு மாறுவது. நேரடி விமானம் எல்லா நாளும் இருக்காது, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். பாலியிலிருந்து விமானத்தில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

கடல் வழியாக என்றால் இரண்டு வகை. பாலியின் பாடாங் பாயிலிருந்து லெம்பாருக்குப் பெரிய கப்பல், நான்கைந்து மணி நேரம், விலை மலிவு, வண்டியையும் ஏற்றிக்கொள்ளலாம். விரைவுப் படகு கிலிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய்விடும், ஆனால் அலை பெரிதாக இருக்கும் நாளில் வயிற்றைப் புரட்டிவிடும். வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு பின்பக்க இருக்கையில் உட்காருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கியதும் விசா கிடைக்கும்: 5,00,000 ருப்பியா, 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம். முன்பே இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குச் செல்ல வேண்டும். கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து இரண்டரை மணி முன்னே தள்ளி வையுங்கள்.

ஊருக்குள் சுற்ற பொதுப் பேருந்தை நம்ப முடியாது. விமான நிலையத்திலிருந்து மத்தாரம், மேற்குக் கடற்கரை ஊரான செங்கிகி பக்கம் டாம்ரி பேருந்து உண்டு, அதைத் தாண்டினால் காரும் ஓட்டுநரும் அல்லது ஸ்கூட்டர்தான். இங்கேயும் இடதுபக்கம் ஓட்டுவதால் நமக்குப் பழகிவிடும். ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்காமல் போகாதீர்கள். போலீஸ் அபராதம்கூடச் சின்ன விஷயம், விழுந்து காலை உடைத்துக்கொண்டால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

படி 4: மலை, ஏறுவதா வேண்டாமா

இதில்தான் பலரும் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். ரிஞ்சனி உச்சி நடந்து பழகாதவர்களுக்கான இடம் இல்லை. ஏணியோ கயிறோ தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் கடைசிப் பகுதி முழுக்க உதிர் சாம்பலும் சரளையும், மேலே வைத்த கால் பாதி தூரம் வழுக்கிக் கீழே வரும், இரண்டு பக்கமும் சரிவு, அதையும் இருட்டிலும் குளிரிலும் ஏற வேண்டும். 2025 ஜூனில் உச்சிக்குப் போகும் பாதையில் பிரேசில் நாட்டுப் பெண் ஒருவர் சரிவில் விழுந்து இறந்தார், மீட்புக் குழு அவரை எட்டவே நாட்கள் ஆயின. அதன்பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. அவை அடிக்கடி மாறுவதால் கிளம்புமுன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் உடம்புக்கு ஏற்ப மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முழு ஏற்றம். கிழக்கே இருக்கும் செம்பாலுன் ஊரிலிருந்து (சுமார் 1,150 மீட்டர்) கிளம்பி, முதல் நாள் ஆறேழு மணி நேரம் புல்வெளியிலும் பிறகு செங்குத்தான காட்டுப்பாதையிலும் ஏறி 2,639 மீட்டர் உயரத்து முகட்டில் (ஏரிப் பள்ளத்தின் விளிம்பு) கூடாரம். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார்கள், விடியும்போது உச்சி. திரும்பி வந்து சாப்பிட்டு, ஏரிக்கு இறங்கி, பக்கத்து வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துவிட்டு, மறுபடி ஏறி மேற்கு முகட்டில் இரவு தங்கி, மூன்றாம் நாள் செனாருவுக்கு இறங்குவது வழக்கமான சுற்று. செம்பாலுன் பக்கம் நிழலே கிடையாது, அதனால் விடிகாலையில் கிளம்பும் குழுவாகப் பாருங்கள்.

முகடு மட்டும். வடக்கே செனாருவிலிருந்து (600 மீட்டர்) காட்டு வழியாக 2,641 மீட்டர் முகட்டுக்கு ஏறி, ஓர் இரவு தங்கி இறங்குவது. ஏரி, பருஜாரிக் கூம்பு, எதிரே உச்சி, எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். ஓரளவு நடக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். உச்சியில் நின்றேன் என்ற பெருமை ஒன்றைத் தவிர இதில் எதுவும் குறையாது.

அடிவாரம். செம்பாலுன் பள்ளத்தாக்கில் தங்கி, பெர்காசிங்கான் குன்றில் விடிகாலையில் ஏறினால் பள்ளத்தாக்கின் வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். அல்லது செனாருவில் செண்டாங் கிலே, தியு கெலெப் என்ற இரண்டு அருவிகள். முதலாவதற்குப் படிக்கட்டு, இரண்டாவதற்குத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்குத் தெற்குச் சரிவில் தெத்தேபாத்து என்ற ஊர் இன்னும் நல்லது. உயரத்தில் இருப்பதால் காற்று குளிர்ச்சி, வயல்வரப்பில் நடக்கலாம், கூட்டமும் இல்லை.

ஏறுவதாக முடிவு செய்தால் பதிவுபெற்ற வழிகாட்டியோடு மட்டும் போங்கள், நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பேரம் பேசி மிகக் குறைந்த விலைக்கு ஒத்துக்கொள்ளும் ஏற்பாட்டாளரிடம் கவனமாக இருங்கள்: அந்தக் குறைப்பு உங்கள் தூங்கும் பையிலும் சுமைக்காரரின் கூலியிலும்தான் போய் விழும். சுமைக்காரர்கள் மூங்கில் கழியின் இரு முனையிலும் கூடை கட்டி, கூடாரம், அரிசி, தண்ணீர், கோழி முட்டை எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு, பலர் வெறும் ரப்பர் செருப்போடு, உங்களுக்கு முன்னால் ஏறிப் போவார்கள். ஒருவருக்கு எத்தனை கிலோ சுமை, அவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆள் பாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: கனத்த ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் மேலங்கி, கையுறை, நெற்றி விளக்கு, முகத்தை மூடத் துணி (தூசிக்கு), கணுக்காலைப் பிடிக்கும் காலணி. முகட்டில் இரவு வெப்பநிலை ஐந்து டிகிரிக்குக் கீழே போகும், காற்றடித்தால் அதைவிட மோசமாக இருக்கும்.

நிலநடுக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 ஜூலை 29, ஆகஸ்ட் 5, ஆகஸ்ட் 19 என்று மூன்று வாரத்துக்குள் மூன்று பெரிய நடுக்கம், ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வடக்கே ஊர் ஊராகத் தரைமட்டம். முதல் நடுக்கத்தின்போது பாதை சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் மலைமேல் மாட்டிக்கொண்டார்கள். இன்று பாயன், செனாரு பக்கம் பெரும்பாலான வீடுகள் புதிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

படி 5: மேற்கில் வரலாற்றுக்கு ஒரு முழு நாள்

கடற்கரைக்காக வருகிறவர்கள் தாண்டிப் போய்விடும் நாள் இது. எனக்கு இதைத்தான் அதிகம் பிடிக்கும், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

தீவின் பெரும்பான்மையினர் சசாக் மக்கள். 1365-ல் பிரபஞ்சா என்ற கவிஞர் ஜாவாவில் இயற்றிய 'நாகரகிருதாகமம்' என்ற காவியத்தில் மஜாபகித் பேரரசுக்கு உட்பட்ட ஊர்களின் வரிசையில் லொம்போக் பெயரும் சசாக் பெயரும் வருகின்றன. பின்னர் இஸ்லாம் வந்தது. 18-ம் நூற்றாண்டில் பாலியின் கராங்காசெம் அரச குடும்பம் நீரிணையைக் கடந்து வந்து மேற்கைப் பிடித்து, பிறகு தீவு முழுவதையும் ஆண்டது. மேற்கு லொம்போக்கில் இன்றும் இந்து பாலினியர்கள் கணிசமாக வாழ்வதும், பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவிலேயே அடுக்குக் கூரைக் கோவில் நிற்பதும் அதனால்தான்.

காலையில் லிங்சார் கோவிலிலிருந்து தொடங்குங்கள். 1714-ல் கட்டியதாகச் சொல்லப்படும் இந்த வளாகத்தில் மேல்தளம் இந்துக்களுக்கு, கீழே இருக்கும் கெமாலிக் என்ற பகுதி வெத்து தெலு சசாக்குகளுக்கு. வெத்து தெலு என்பது இஸ்லாத்தோடு முன்னோர் வழிபாட்டையும் சேர்த்துக்கொண்ட பழைய சசாக் மரபு. குளத்தில் புனித விலாங்கு மீன்கள் இருக்கின்றன, வெளியே விற்கும் அவித்த முட்டையை உரித்துப் போட்டால் சில நேரம் தலைகாட்டும், பல நேரம் காட்டாது. நவம்பர், டிசம்பர் வாக்கில் பௌர்ணமியையொட்டி நடக்கும் பெராங் தோப்பாட் விழாவில் இரண்டு தரப்பாரும் எதிரெதிரே நின்று ஓலைப் பொட்டலத்தில் வேகவைத்த சோற்றை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்வார்கள். விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டுபோய் வயலில் போட்டால் விளைச்சல் கூடும் என்று நம்பிக்கை.

அங்கிருந்து நர்மதா பூங்கா கிட்டத்தில். இங்கேயும் நம் மலை வந்துவிடுகிறது. ரிஞ்சனி ஏரிக்குப் போய்த் தங்கக் காணிக்கையைத் தண்ணீரில் இடுவது இந்து மன்னர்களின் கடமை. வயதான மன்னருக்கு மலை ஏற முடியாமல் போனபோது, மலையையும் ஏரியையும் மாதிரியாகவே கீழே கட்டிவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மன்னர் அந்த ஏரியில் குளிக்கும் பெண்களைப் பார்ப்பதற்காகத்தான் கட்டினார் என்று வழிகாட்டிகள் கண்ணடித்துக்கொண்டு இன்னொரு கதையும் சொல்வார்கள்! பேரும் நம் நர்மதை நதியின் பேர்தான். வார இறுதியில் உள்ளூர்ப் பிள்ளைகள் நீச்சலடித்துக்கொண்டு ஒரே ஆரவாரமாக இருக்கும்.

பிறகு சக்ரநெகாரா. மேரு கோவிலில் சிவன், விஷ்ணு, பிரம்மா மூவருக்கும் அடுக்குக் கோபுரங்கள், நடுவில் இருக்கும் சிவனுடையது பதினொரு அடுக்கு. எதிரே மயூரா நீர்மாளிகை. இப்போது அமைதியான பூங்காபோல இருக்கும் அந்தக் குளக்கரையில் 1894-ல் நடந்ததைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள். பாலினிய அரசுக்கு எதிராக 1891-ல் கிழக்கு சசாக்குகள் கிளர்ந்தெழுந்து டச்சுக்காரர்களிடம் உதவி கேட்டார்கள். 1894-ல் டச்சுப் படை வந்திறங்கியது. ஆகஸ்ட் 25 இரவு, பேச்சு முடிந்தது என்று முகாமில் தூங்கிய படையைப் பாலினியர்கள் தாக்கினார்கள், துணைத் தளபதி வான் ஹாம் உட்படப் பலர் இறந்தார்கள். டச்சுக்காரர்கள் கூடுதல் படையோடு திரும்பி வந்து, நவம்பருக்குள் மத்தாரத்தையும் சக்ரநெகாராவையும் தரைமட்டமாக்கி, வயதான மன்னரைப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) நாடுகடத்தினார்கள். அவர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். அரண்மனையிலிருந்து சுமார் 230 கிலோ தங்கமும் 7,000 கிலோ வெள்ளியும் கப்பலேறின. எரியவிருந்த சுவடிகளைப் படையோடு வந்த மொழியறிஞர் பிராண்டஸ் மீட்டார். மேலே சொன்ன நாகரகிருதாகமத்தின் ஓலைச்சுவடி உலகுக்குக் கிடைத்தது அப்படித்தான். சுவடி 1970-களில் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. 'லொம்போக் புதையலில்' 335 பொருட்களை நெதர்லாந்து 2023-ல்தான் திருப்பிக் கொடுத்தது. உதவிக்கு அழைத்த சசாக்குகளுக்கு என்ன கிடைத்தது? எசமானர் மாறினார், வரி ஏறியது, அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்பேனானில் முடியுங்கள். வாலஸ் இறங்கிய துறைமுகத்தில் இப்போது கப்பல் இல்லை, பழைய டச்சுக் காலக் கடைத்தெருவும், சீனக் கோவிலும், கடலைப் பார்த்தபடி சோளம் சுட்டு விற்கும் தள்ளுவண்டிகளும் இருக்கின்றன.

செனாரு போகிறவர்கள் வழியில் பாயன் பெலெக் பள்ளிவாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். தீவின் மிகப் பழையது, மூங்கில் சுவர், வேய்ந்த கூரை. தினசரித் தொழுகை இப்போது அங்கே இல்லை, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறப்பார்கள்.

படி 6: கிலிகள்

பங்சால் துறையிலிருந்து பொதுப்படகு ஆள் சேர்ந்தவுடன் கிளம்பும், பதினைந்திலிருந்து முப்பது நிமிடம். சீட்டை அதிகாரபூர்வ கவுன்டரில் மட்டும் வாங்குங்கள், "இன்றைக்குப் படகு முடிந்துவிட்டது" என்று வழியில் யார் சொன்னாலும் நடந்துகொண்டே இருங்கள். திராவாங்கான் பெரியது, இரவுக் கூத்து அதிகம். ஆயிர் குடும்பங்களுக்கு ஏற்றது. மேனோ அமைதியோ அமைதி. மூன்றிலும் பெட்ரோல் வண்டி கிடையாது, சைக்கிளும் குதிரை வண்டியும்தான். குதிரைகளின் நிலை பல நேரம் பரிதாபமாக இருக்கும், என்னால் அதில் ஏற முடியாது, நீங்களும் நடந்தே போகலாம், தீவுகள் அவ்வளவு சின்னவை. நல்ல தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடம், குளியலறையில் உப்புத் தண்ணீர் வந்தால் சண்டை போடாதீர்கள்.

மேனோ கரையருகே ஆழம் குறைந்த கடலடியில் சிற்பி ஜேசன் டிகெய்ர்ஸ் டெய்லர் செய்த 48 மனித உருவங்கள் வட்டமாக நிற்கின்றன, 2017-ல் வைத்தது, இப்போது பவளம் பிடித்து வளர்கிறது. காலை எட்டு மணிக்கு முன் போனால்தான் சிலைகளைப் பார்க்கலாம், அதன்பிறகு மனிதர்களின் துடுப்புக்கால்கள்தான் தெரியும். தீவுக்குத் தீவு நீந்திப் போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பார்க்கக் கிட்டத்தில் இருக்கும், நடுவில் ஓடும் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். மலிவான அராக் கலந்த பானங்களையும் தொடாதீர்கள், மெத்தனால் கலந்த சாராயத்தால் இந்தப் பக்கம் உயிர் போயிருக்கிறது.

படி 7: தெற்கு

குத்தா (பாலியின் குத்தா வேறு, இது வேறு) விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள். பக்கத்திலேயே மண்டாலிகா பந்தயத்தடம், 4.3 கிலோமீட்டர், 2022 முதல் மோட்டோ ஜிபி பைக் பந்தயம் நடக்கிறது. பந்தய வாரத்தில் அறை வாடகை பலமடங்காகும், தேதியைப் பார்த்து ஒதுங்குங்கள் அல்லது அதற்காகவே வாருங்கள்.

கடற்கரைகளில் தஞ்சுங் ஆனும் அதற்கு மேலே இருக்கும் மெரேசே குன்றும் சூரியன் மறைவதற்கு. செலோங் பெலானாக் அலைச்சறுக்கு கற்க நினைப்பவர்களுக்கு, மணல் அடி, அலை சின்னது. மாவுன் நீந்த. டெசர்ட் பாயின்ட் என்று தென்மேற்கு முனையில் ஒன்று உண்டு, உலகப் புகழ் பெற்ற அலை, அதற்குக் கீழே கூரான பவளப்பாறை, தேர்ந்தவர்களுக்கு மட்டும்.

சாடே சசாக் கிராமம் எல்லாச் சுற்றுலா வண்டியும் நிற்கும் இடம். காட்சிக்கு வைத்த ஊர்போலத் தோன்றும், ஆனால் அங்கே குடும்பங்கள் உண்மையிலேயே வாழ்கின்றன. வீட்டுத் தரையை எருமைச் சாணத்தால் மெழுகுவதை ஐரோப்பியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள், நம் பாட்டி வீட்டுத் திண்ணையும் அப்படித்தானே இருந்தது. நெசவு வாங்குவதானால் சுகராரா போங்கள். ஒரு நல்ல சொங்கெட் துணிக்கு வாரக்கணக்கில் தறியில் உட்கார வேண்டும், அதனால் மிக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இயந்திரத் துணி.

படி 8: சாப்பாடு

காரம் பிடித்தவர்களுக்கு லொம்போக் சொர்க்கம். ஆயம் தாலிவாங்: இளங்கோழியை மிளகாய், பூண்டு, இறால் விழுது பூசிச் சுட்டது. தொட்டுக்கொள்ள ப்ளேசிங் கங்குங்: வெந்த கங்குங் கீரைமேல் தக்காளி மிளகாய்ச் சம்பல், எலுமிச்சை. அப்புறம் நாசி பாலாப் புயுங், காரமான கோழி உதிரியோடு ஒரு தட்டுச் சோறு, மலிவு, அருமை. மத்தாரத்தில் ரெம்பிகா என்ற மாட்டிறைச்சி சாத்தே பிரபலம், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சாத்தே கேட்கும்போது எந்த இறைச்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்குச் சங்கடம் இறால் விழுதில்தான். கீரையானாலும் கத்தரிக்காயானாலும் சம்பலில் தெராசி இருக்கும், கடைக்காரர் அதை அசைவமாகவே நினைப்பதில்லை. "தன்பா தெராசி, தன்பா இக்கான், தன்பா டாகிங்" (இறால் விழுது, மீன், இறைச்சி வேண்டாம்) என்று எழுதிக் காட்டுங்கள். தெம்பே, தஹு (இரண்டும் சோயாவில் செய்தவை), காய்கறி வறுவல், சோறு எங்கேயும் கிடைக்கும். மலைக்குப் போகும்போது சமைக்கும் சுமைக்காரரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 9: நாட்களை அடுக்குங்கள்

பத்து நாள் இருந்தால் இப்படி: வந்திறங்கி மத்தாரம் அல்லது செங்கிகியில் இரண்டு இரவு, அதில் ஒரு முழு நாள் வரலாற்றுக்கு. மூன்றாம் நாள் செம்பாலுன் போய்த் தூங்கி எழுந்து, நான்கு முதல் ஆறு வரை மலை. ஏறாதவர்கள் அந்த நாட்களைச் செம்பாலுன், செனாரு, தெத்தேபாத்து என்று பிரித்துக்கொள்ளலாம். செனாருவில் இறங்கியவுடன் பங்சால் இரண்டு மணி நேரம்தான், கால் வலியோடு கிலியில் இரண்டு மூன்று இரவு படுத்துக்கிடக்கலாம். மீதி தெற்கில்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள், குறிப்பாக ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள். டைவிங் செய்த கையோடு உயரத்துக்குப் போனால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி உடம்பைப் படுத்திவிடும், 2,600 மீட்டர் மலைமுகடும் அந்தக் கணக்கில்தான் சேரும். மலை முன்னால், கடல் பின்னால் என்றால் அந்தக் கவலை இல்லை. விமானத்துக்கும் அதே விதிதான்: கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். தெற்கில் கழிக்கும் கடைசி நாட்கள் அதற்கும் சரியாக இருக்கும், குத்தாவிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம் என்பதால் காலை விமானமானாலும் அவசரப்பட வேண்டியதில்லை.